ஏழு வயதில் எந்தப் பள்ளி? ஒரு பழைய அச்சத்தின் வரலாறு



முதலாம் ஆண்டுப் பதிவுக் காலம் நெருங்கினால் எங்களை நோக்கி ஒரே வினா பல உருவங்களில் வரும். "தமிழ்ப்பள்ளியில் போட்டால் பிள்ளை இடைநிலைப்பள்ளியில் தடுமாறாதா, டீச்சர்?" என்பார் ஒருவர். "தேசியப் பள்ளியில் சேர்த்தால் தமிழ் போய்விடுமே" என்பார் மற்றொருவர். வசதியுள்ளவர் அனைத்துலகப் பள்ளியின் கட்டண விவரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தயங்குவார். இக்கேள்விகளை அற்பமானவை என்று நான் ஒருபோதும் கருதியதில்லை. ஆனால் இவற்றுள் எப்பகுதி இன்றைய கவலை, எப்பகுதி நம் பாட்டனாரிடமிருந்து வந்த கவலை என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதற்கு வரலாறு வேண்டும்.

மலாயாவில் தமிழ்க் கல்வியின் தொடக்கமாக, 1816-இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் நடந்த தமிழ் வகுப்பைக் குறிப்பிடுவது வழக்கம். எனினும் நம்மில் பெரும்பாலோரின் குடும்பக் கதை அங்கே தொடங்கவில்லை. இரப்பர் தோட்டத்தில்தான் தொடங்குகிறது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், ஏழு முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் உள்ள தோட்டங்களில் நிர்வாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. சட்டம் சொன்னதற்காகக் கட்டப்பட்ட பள்ளி எப்படியிருக்கும்? பல இடங்களில் ஒரு கொட்டகை, எல்லா வகுப்புக்கும் ஒரே ஆசிரியர். அவரும் சில தோட்டங்களில் கங்காணியாகவோ கிராணியாகவோ இருந்தார். பத்து, பன்னிரண்டு வயதானதும் பிள்ளைகள் புல்வெட்டும் வேலைக்குப் போயினர்.

அதே காலத்தில் பட்டணங்களில் ஆங்கிலப் பள்ளிகள் இருந்தன. பினாங்கில் செயின்ட் சேவியர்ஸ் பள்ளியும் லைட் ஸ்திரீட் கான்வென்டும் 1852-இலும், கோலாலம்பூரில் விக்டோரியா பள்ளி 1893-இலும் தோன்றின. அரசாங்க அலுவலகம், இரயில்வே, மருத்துவமனை ஆகியவற்றில் உத்தியோகம் பெற அதுவே வழி. ஆனால் அங்கே கட்டணம் உண்டு; தோட்டத்திலிருந்து தூரமும் அதிகம். கிராணியின் மகன் போனான். பால்மரம் வெட்டுபவரின் மகன் போகவில்லை. இதைத் 'தேர்வு' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எங்கள் பாட்டனார் வெளிப்படையாகவே சொல்வார்: "தமிழ் படிச்சா பால்வாளி, இங்கிலீஷ் படிச்சா பேனா."

அவர் சொன்னது அக்காலத்துக்கு உண்மைதான். ஆனால் காரணம் மொழியன்று. ஆறாம் வகுப்புக்குப் பின் கதவு இல்லாததே காரணம். தமிழ்வழி இடைநிலைக் கல்வி இந்நாட்டில் வேரூன்றவேயில்லை. ஜோகூர் பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி 1960 முதல் இடைநிலைப் பள்ளியாக இயங்கி 1982-இல் மூடப்பட்டது. அங்கே இன்று தமிழ்வழித் தொடக்கப்பள்ளியும் இல்லை. தமிழ் தாய்மொழிப் பாடமாக மட்டும் நிலைத்திருக்கிறது.

நம் நாட்டில் 1951-இன் பார்ன்ஸ் அறிக்கை, தாய்மொழிப் பள்ளிகளுக்குப் பதிலாக மலாய்-ஆங்கில இருமொழிப் பள்ளிகளைப் பரிந்துரைத்தது. சீனரும் தமிழரும் எதிர்த்தனர். 1956-இன் ரசாக் அறிக்கையும் 1957-இன் கல்விச் சட்டமும் தமிழ்ப்பள்ளிகளைத் தேசியக் கல்வி அமைப்பிற்குள் கொண்டுவந்தன. ஆயினும் 1961-இன் கல்விச் சட்டம் 21(2) பிரிவின்வழி, தேசிய வகைத் தொடக்கப்பள்ளிகளைத் தேசியப் பள்ளிகளாக மாற்றும் அதிகாரத்தை அமைச்சருக்கு அளித்தது. 1996-இல் வந்த புதிய சட்டத்தில்தான் அப்பிரிவு நீங்கியது. முப்பத்தைந்து ஆண்டுகள் அந்த நிழலில் நடந்த பள்ளி என்றால், பெற்றோர் தயங்கியதில் வியப்பில்லை.

1962-இல் தொடக்கக் கல்வி இலவசமாயிற்று. நான்கு மொழிப் பள்ளிகளுக்கும் அது பொருந்தியதால், ஒரு தோட்டத் தொழிலாளி உண்மையிலேயே பள்ளியைத் தேர்ந்தெடுக்க முடிந்தது அப்போதுதான். பட்டணத்தை ஒட்டியிருந்தவர்கள் பலர் ஆங்கிலப் பள்ளியை நாடினர். குறை சொல்வதற்கில்லை.

ஆனால் 1970 முதல் ஆங்கிலத் தொடக்கப்பள்ளிகள் முதலாம் வகுப்பிலிருந்து படிப்படியாக மலாய்மொழிக்கு மாறின. 1982-க்குள் இடைநிலைப்பள்ளியின் ஐந்தாம் படிவம் வரை அம்மாற்றம் எட்டியது. பாட்டனார் சொன்ன பேனா அதன்பின் ஒரு பள்ளியின் தனியுடைமையாக இல்லை. தமிழ்ப்பள்ளிப் பிள்ளையும் தேசியப் பள்ளிப் பிள்ளையும் அதே இடைநிலைப்பள்ளிக் கதவில், அதே மொழியில் நுழைகின்றனர். புகுமுக வகுப்பு என்ற ஓராண்டு வேறுபாடு பலருக்கு இருந்தது உண்மை; அந்த ஓராண்டை மனச்சுமையாகச் சுமந்தவர்களை நான் அறிவேன். எனினும் கதவே இல்லாத நிலைக்கும் கதவருகே ஓராண்டு காத்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. காரணம் மறைந்தது, அச்சம் மட்டும் குடும்பச் சொத்தாகத் தொடர்ந்தது.

சுதந்திரத்தின்போது எண்ணூறுக்கும் மேலிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூறுக்குச் சற்று மேல். தோட்டத் துண்டாடலும் மக்கள் பட்டணத்துக்குப் பெயர்ந்ததும் இதற்குப் பெருங்காரணங்கள். 2010-ஐ ஒட்டி ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்த மாணவர் எண்ணிக்கையும் பின்னர் சரிந்தது. பிறப்பு விகிதம் குறைந்ததோடு பெற்றோரின் முடிவும் இதில் சேர்ந்துள்ளது. 2012-இல் அனைத்துலகப் பள்ளிகளில் உள்நாட்டு மாணவருக்கிருந்த 40 விழுக்காட்டு வரம்பு நீக்கப்பட்டபின், வசதியுள்ள குடும்பங்களுக்கு இன்னொரு வாசலும் திறந்தது. 2021-இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நிறுத்தப்பட்டதால், 'ஏ' எண்ணிப் பள்ளியை எடைபோடும் பழக்கமும் ஓய்ந்தது. (என்னைக் கேட்டால், ஓய்ந்தது நன்று.)

ஆகவே, தமிழ்ப்பள்ளியை நாடும் பெற்றோர் இன்று கேட்க வேண்டியவை வேறு. பள்ளி முழு அரசாங்க உதவி பெறுகிறதா, பகுதி உதவிதானா? நிலம் யாருடையது? மாணவர் குறைவால் இரண்டு ஆண்டு மாணவர்கள் ஒரே வகுப்பறையில் அமர்கிறார்களா? பாலர் பள்ளி வகுப்பு உண்டா? ஆறாம் ஆண்டு மாணவர் ஒருவரை ஒரு மலாய்ப் பத்தியை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். நான் தயங்காமல் அனுமதிப்பேன்; தயங்கும் பள்ளியைப் பற்றி நீங்களே முடிவு செய்யலாம்.

தேசியப் பள்ளியைத் தேர்ந்தெடுப்பவருக்கும் ஒன்று சொல்வேன். பதினைந்து மாணவரின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் அங்கே தமிழ் வகுப்பு நடத்த 1961-இன் சட்டத்திலேயே இடமிருந்தது. 1996-இன் சட்டத்திலும் அது தொடர்கிறது. கேட்க வேண்டியவர்கள் பெற்றோர். ஆகவே பள்ளி திறந்தபின் ஏங்குவதைவிட, உங்கள் குடியிருப்பிலேயே அந்தப் பதினைந்து குடும்பங்களை இப்போதே தேடத் தொடங்குங்கள்.