சிண்ட்ரெல்லா எழுதிய கடிதங்கள்

எல்லோருக்கும் தெரிந்த பழங்கதையை ஒரு காலத்திலும் ஓர் ஊரிலும் நிறுத்தி, அதன் நாயகியே எழுதிய கடிதங்களாக மாற்றிச் சொல்லும் வழக்கம் ஐரோப்பிய இலக்கியத்தில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. தேவதைக் கதை, சரித்திரக் காதல், கடித நாவல் என்று புத்தகக் கடைகள் இன்று பிரித்து அடுக்கும் மூன்று வகைகளும் அதில் ஒன்றாகக் கலந்திருந்தன. அதன் தொடக்கம் ரோமக் கவிஞர் ஓவிட் எழுதிய 'ஹெரோய்டீஸ்' என்னும் கவிதைத் தொகுதி. கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவான இந்நூலில், புராணப் பெண்கள் தங்களை விட்டுப் பிரிந்த காதலர்களுக்கும் கணவர்களுக்கும் எழுதும் கடிதங்கள் உள்ளன. பெனலப்பி யுலிசஸுக்கு எழுதுகிறாள். தைதோ ஈனியஸுக்கு எழுதுகிறாள். மெடியா ஜேசனுக்கு எழுதுகிறாள். காவியங்களில் போருக்கும் கடல் பயணத்துக்கும் இடையே ஓரிரு காட்சிகளில் வந்து போனவர்கள் இங்கே மையத்துக்கு வருகிறார்கள்.

இவற்றில் தனித்து நிற்பது பிரிசியிஸின் கடிதம். 'இலியத்' காவியத்தில் அக்கிலீஸின் கோபத்துக்குக் காரணமானவள் இந்த அடிமைப் பெண். ஆனால் அக்காவியத்தில் அவள் வாய் திறப்பது ஒரே ஓர் இடத்தில், அதுவும் இறந்துபோன பட்ரோக்லஸுக்காக அழும்போது. ஓவிட் அவள் கையில் எழுதுகோலைக் கொடுத்தார். தான் எழுதும் கிரேக்கம் அந்நியப் பெண் ஒருத்தி தட்டுத்தடுமாறி எழுதும் கிரேக்கம் என்றும், தாளில் தெரியும் கறைகள் தன் கண்ணீர் பட்டவை என்றும் அவள் சொல்கிறாள். கதை மாறவில்லை, முடிவும் மாறவில்லை. சொல்பவள் மட்டும் மாறியிருக்கிறாள். அதனாலேயே வீரனின் பெருமிதம் வேறொரு நிறத்தில் தெரிகிறது. பின்னால் வந்த எல்லாக் கடிதக் கதைகளுக்கும் அடிப்படை இதுதான்.

ஆங்கில நாட்டில் இந்த வடிவத்தைச் சரித்திரத்துக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் டிரெய்டன். 1597இல் வெளிவந்த அவருடைய கவிதைக் கடிதங்களில் இங்கிலாந்தின் வரலாற்றுக் காதலர்கள் இருவர் இருவராக ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிறார்கள்: இரண்டாம் ஹென்றியும் ரோஸமண்டும், நான்காம் எட்வர்டும் ஜேன் ஷோரும், தலை வெட்டப்படக் காத்திருக்கும் ஜேன் கிரேயும் அவள் கணவனும். 1680இல் ஓவிடின் கடிதங்களைப் பல கவிஞர்களைக் கொண்டு ஆங்கிலமாக்கிய ஜான் டிரைடனின் தொகுப்பு வந்தது. அதில் பங்களித்த ஒரே பெண் அஃப்ரா பென். நான்கு ஆண்டுகள் கழித்து, அக்காலத்தில் ஊரே பேசிய ஒரு பிரபுக் குடும்பத்துக் காதல் விவகாரத்தை அவர் காதல் கடிதங்களாக உரைநடையில் எழுதத் தொடங்கினார். கவிதையில் பழகிய கை நாவலுக்கு மாறியது.

பிரான்சில் இதன் கதை ஒரு பதிப்பாளரைச் சுற்றி நடந்தது. பாரிஸின் கிளோத் பார்பென் 1669இல் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். போர்த்துக்கீசியக் கன்னிகாஸ்திரி ஒருத்தி, தன்னைக் கைவிட்டுச் சென்ற பிரெஞ்சு அதிகாரிக்கு எழுதிய ஐந்து கடிதங்கள் என்று சொல்லி அது வந்தது. உண்மைக் கடிதங்கள் என்றே நெடுங்காலம் பலர் நம்பினர். கில்லராக் என்பவர் புனைந்தவை என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. 28 ஆண்டுகள் கழித்து, 1697இல், அதே பார்பென் பதிப்பகத்திலிருந்து ஷார்ல் பெரோவின் பழங்கதைத் தொகுப்பு வெளிவந்தது. சிண்ட்ரெல்லா, உறங்கும் அழகி, நீலத்தாடிக்காரன், சிவப்புக் குல்லாச் சிறுமி எல்லோரும் அதில்தான் இன்றைய உருவைப் பெற்றார்கள். பூசணிக்காய் வண்டியும் கண்ணாடிச் செருப்பும் பெரோ சேர்த்தவை.

ஒரே பதிப்பகத்திலிருந்து வந்த இந்த இரண்டு நூல்களும் நேரெதிரான இரண்டு முறைகளுக்குச் சான்று. கன்னிகாஸ்திரியின் கடிதங்களில் மனம் மட்டுமே உண்டு, நிகழ்ச்சி ஏறக்குறைய இல்லை. பெரோவின் கதைகளில் நிகழ்ச்சி மட்டுமே உண்டு. சிண்ட்ரெல்லா அழுகிறாள், நடனமாடுகிறாள், மணமுடிக்கிறாள். இளவரசனைப் பற்றி அவள் என்ன நினைத்தாள் என்பதற்குக் கதையில் இடமே இல்லை. அவளை அடையாளம் காட்டுவதும் அவள் பேச்சல்ல, காலுக்குப் பொருந்திய செருப்பு. இந்த இரண்டு முறைகளும் ஒன்றோடொன்று சேர இன்னும் 43 ஆண்டுகள் ஆயின.

அவற்றைச் சேர்த்தவர் ஓர் அச்சகக்காரர். லண்டன் ஃப்ளீட் தெருவை அடுத்த சாலிஸ்பரி கோர்ட்டில் அச்சகம் வைத்திருந்த சாமுவேல் ரிச்சர்ட்சன், 13 வயதிலேயே அக்கம்பக்கத்து இளம்பெண்களுக்குக் காதல் கடிதம் எழுதிக் கொடுத்தவர். 50 வயதை எட்டியபோது, படிப்பறிவு குறைந்த நாட்டுப்புற மக்களுக்குப் பயன்படும் மாதிரிக் கடிதங்கள் அடங்கிய நூலொன்றை எழுதித் தருமாறு இரு புத்தக வணிகர்கள் அவரிடம் கேட்டனர். எஜமானனின் தொல்லைக்கு ஆளாகும் பணிப்பெண்ணுக்குப் பெற்றோர் எழுதும் அறிவுரைக் கடிதத்தில் வந்து நின்றபோது, பல ஆண்டுகளுக்கு முன் கேள்விப்பட்ட ஒரு சம்பவம் அவர் நினைவுக்கு வந்தது. மாதிரிக் கடித நூலை அப்படியே நிறுத்திவிட்டு, 1739 நவம்பர் 10 அன்று நாவலைத் தொடங்கினார். இரண்டே மாதங்களில் முடித்தார். 'பமேலா' 1740 நவம்பரில் இரண்டு தொகுதிகளாக வெளியாயிற்று.

நாவலின் எலும்புக்கூடு சிண்ட்ரெல்லாவுடையதுதான். 15 வயதுப் பணிப்பெண் பமேலா ஆண்ட்ரூஸ், அவளை மகள்போல் நடத்திய எஜமானியின் மரணம், செல்வந்தனான மகன் மிஸ்டர் பி., இறந்த தாயின் பட்டாடைகளையும் காலுறைகளையும் அவன் அவளுக்குப் பரிசளிப்பது, கடைசியில் திருமணம். ஆனால் தேவதை இல்லை. மந்திரக்கோல் செய்ய வேண்டிய வேலை அனைத்தையும் பேனாவும் மையும் செய்கின்றன. ஆடைக் காட்சியை ரிச்சர்ட்சன் தலைகீழாக்கியிருப்பது இன்னும் நுட்பமானது. பெற்றோர் வீட்டுக்குத் திரும்ப முடிவுசெய்த பமேலா, பட்டைக் களைந்து முரட்டுத்துணி உடுத்திக்கொள்கிறாள். எஜமானனோ அவளைத் தெரியாதவன்போல் நடிக்கிறான். பெரோவின் நாயகி உயர்ந்த ஆடையில் யாரென்று தெரியாமல் போனாள். இவள் தன் சொந்த ஏழ்மையின் உடையில் அந்நியளாக்கப்படுகிறாள்.

பெற்றோரிடம் போவதாக நம்பி வண்டியேறியவள் லிங்கன்ஷயர் மாளிகையில் சிறைவைக்கப்படுகிறாள். காவலுக்கு இருக்கும் ஜூக்ஸ் என்ற பெண் அச்சு அசலாகப் பழங்கதையின் சூனியக்காரி. கடிதம் அனுப்ப வழியில்லாததால் பமேலா நாட்குறிப்பாக எழுதத் தொடங்குகிறாள். உதவ முன்வரும் இளம் பாதிரியாருக்கான கடிதங்களைத் தோட்டத்துச் சூரியகாந்திச் செடியருகே ஓடுகளுக்கு நடுவில் மறைக்கிறாள். எழுதிய தாள்களை உள்ளாடையோடு சேர்த்துத் தைத்து இடுப்பில் சுற்றிக்கொள்கிறாள். அந்தத் தாள்களை மிரட்டிப் பறித்துப் படிக்கும் மிஸ்டர் பி., படித்துப் படித்தே மனம் மாறுகிறான். கண்ணாடிச் செருப்பு செய்த காரியத்தை இங்கே கடிதக் கட்டு செய்கிறது; அவள் யார் என்பதை அவனுக்குக் காட்டுவது அவளுடைய எழுத்து. பழங்கதையைக் கடிதத்தில் சொல்வதால் கிடைத்த பெரிய மாற்றம் இது. அடையாளம் உடலிலிருந்து எழுத்துக்கு நகர்ந்துவிட்டது.

கடிதம் இன்னொன்றையும் செய்தது. பழங்கதை கேட்பவருக்கு முடிவு முன்பே தெரியும். கடிதம் எழுதுபவளுக்கோ நாளை என்ன நடக்கும் என்று தெரியாது. பூட்டிய கதவுக்குப் பின்னால் காலடிச் சத்தம் கேட்கும்போதே எழுதிக்கொண்டிருக்கிறாள். அதனால் கதையின் பழைய பொய் ஒன்றும் வெளிப்பட்டது. கடத்தியவனையே மணப்பது பரிசா? கதைசொல்லி ஒரே வரியில் கடந்துபோகும் அச்சத்தைப் பமேலா பக்கம் பக்கமாக எழுதியிருப்பதால், அவள் திருமணத்தை மனம் ஒப்பி வாழ்த்த முடிவதில்லை. ரிச்சர்ட்சன் இதை எண்ணி எழுதவில்லை; நல்லொழுக்கத்துக்குக் கிடைத்த வெகுமதி என்றே துணைத்தலைப்பு வைத்தார். ஆனால் அவர் தேர்ந்த வடிவம் அவரைவிட நேர்மையாக இருந்தது.

வாசகர்கள் இரண்டாகப் பிளந்தனர். 1741 முடிவதற்குள் ஐந்து பதிப்புகள் தீர்ந்தன. அதே ஆண்டில் ஹென்றி ஃபீல்டிங் 'ஷமேலா' என்று பகடி எழுதி, நாயகியைத் திட்டமிட்டு வலைவிரித்தவளாகக் காட்டினார். பிலடெல்பியாவில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 'பமேலா'வை மறுஅச்சிட்டார். அமெரிக்காவில் அச்சான முதல் நாவல் அது. இத்தாலியில் கார்லோ கோல்தோனி 1750இல் அதை நாடகமாக்கியபோது, பமேலாவை உயர்குலத்தில் பிறந்தவளாக மாற்றிவிட்டார். ஏழைப்பெண் ஏழைப்பெண்ணாகவே உயர்வது அன்றைய மேடைக்கு அதிகமாக இருந்தது.

'பமேலா' வெளியான அதே 1740இல் பிரான்சில் மதாம் தெ வில்நெவ் 'அழகியும் விலங்கும்' கதையை நீண்ட வடிவில் வெளியிட்டார். அதைச் சுருக்கி இன்று உலகம் அறிந்த கதையாக்கிய லெப்ரென்ஸ் தெ போமோன் லண்டனில் ஆசிரியையாக இருந்தவர். அவருடைய சுருக்கம் 1756இல் அங்கே வந்தது. கடித நாவல்களும் அவர் எழுதியிருக்கிறார். ஆனால் இரண்டையும் அவர் கலக்கவில்லை. தேவதைக் கதை சிறுமிகளுக்கு, கடிதம் பெரியவர்களுக்கு என்று பிரித்தே வைத்தார். அந்தப் பிரிவினை நிலைத்துவிட்டது. ரூசோ, கதே, லாக்லோ ஆகியோரின் கடித நாவல்களோடு 18ஆம் நூற்றாண்டு முடிய, வடிவமும் தளர்ந்தது. 1847இல் வந்த 'ஜேன் அயர்' நாவலில், வேலைக்காரி பெஸ்ஸி சிறுமி ஜேனுக்குச் சொல்லும் கதைகளில் சில பழைய தேவதைக் கதைகளிலிருந்து வந்தவை, சில 'பமேலா'விலிருந்து. அதை எழுதிய சார்லட் பிராண்டி இரண்டையும் ஒரே மூச்சில் குறிப்பிட்டிருப்பது தற்செயல் அல்ல என்றே படுகிறது.

சிண்ட்ரெல்லா மறுபடி கடிதம் எழுதியது 1912இல். அமெரிக்க எழுத்தாளர் ஜீன் வெப்ஸ்டரின் 'டாடி லாங் லெக்ஸ்' நாவலில், அநாதை இல்லத்தில் வளர்ந்த ஜூடியைப் பெயர் சொல்லாத ஒரு செல்வந்தர் கல்லூரிக்கு அனுப்புகிறார். மாதம் ஒரு கடிதம் எழுத வேண்டும், பதில் வராது என்பது நிபந்தனை. உபகாரியும் காதலனும் ஒருவரே என்பது முடிவில்தான் தெரிகிறது; தேவதையும் இளவரசனும் ஒரே ஆள். ஆனால் ஜூடி பணிந்து போகிறவள் அல்ல. அந்தச் செல்வந்தர் வேண்டாமென்று தடுத்தும் கல்லூரி தரும் உதவித்தொகையை ஏற்கிறாள். எழுதிச் சம்பாதித்த பணத்தைக் கடனுக்கு ஈடாகத் திருப்பி அனுப்புகிறாள். பமேலாவுக்கு எழுத்து தற்காப்பாக இருந்தது. ஜூடிக்கு அது தொழில்.

தமிழில் கடித நாவலுக்கு முன்னோடி மறைமலையடிகளின் 'கோகிலாம்பாள் கடிதங்கள்'. 1921இல் வந்த அந்தக் காதல் கதை தேவதைக் கதையின் மறுகூறல் அல்ல. ஆயினும் பெண் தன் நெஞ்சைத் தானே எழுதும் முறையைத் தமிழ் உரைநடைக்குக் கொண்டுவந்தது.

ஆங்கிலத்திலோ, 1988இல் பட்ரீஷியா ரீடியும் கரோலின் ஸ்டீவர்மரும் 'சார்சரி அண்ட் செசிலியா' என்னும் கடித நாவலை வெளியிட்டனர். இரு தோழிகளும் ஆளுக்கொரு பாத்திரமாகி, கதை எங்கே போகும் என்று பேசிவைக்காமல் உண்மையாகவே ஒருவருக்கொருவர் கடிதம் எழுதி விளையாடிய விளையாட்டில் பிறந்தது அந்த நாவல். அதன் களம் மந்திரம் புழங்கும் 1817ஆம் ஆண்டு இங்கிலாந்து. எலோய்சா ஜேம்ஸ் 2010இல் 'எ கிஸ் அட் மிட்நைட்' நாவலில் சிண்ட்ரெல்லாவை அதே நூற்றாண்டின் ஆங்கிலப் பிரபுக் குலத்துக்குக் கொண்டுபோனார். பழங்கதைகளுக்குச் சரித்திர உடை தைக்கும் நாவல்கள் இன்று ஏராளமாக வருகின்றன. உடை மட்டும் தைப்பவை எளிதில் மறக்கப்படுகின்றன. நாயகியின் கையில் பேனாவைக் கொடுத்து, அவள் எழுதியதை மற்றவர் படிப்பதால் கதையே திரும்பும்படி செய்பவை ஓவிட் காலம் முதல் நிலைத்து நிற்கின்றன.