விதியா, அஜாக்கிரதையா?

பால்மரம் வெட்டச் சென்றவன் பாதையில் லாரி மோதி இறந்தால், “அவன் விதி முடிந்தது” என்று அழுது ஓய்வது நம்மவர் வழக்கம். விதியின்மீது வழக்குத் தொடர முடியாது. அஜாக்கிரதையாக வண்டியோட்டியவன்மீது தொடரலாம். இவ்வுரிமை வந்த வரலாற்றை நெகிரி செம்பிலான் தோட்டத்தாரும் பட்டணத்தாரும் அறிதல் நலம்.

இங்கிலாந்தில் 1808-ம் ஆண்டு குதிரைக் கோச்சு ஒன்று கவிழ்ந்து, அதிற்சென்ற மாது காயமுற்றுப் பின்னர் மாண்டாள். கணவன் வழக்காடினான். அவள் உயிரோடிருந்த நாட்களின் நஷ்டத்தையே அவன் பெறலாம், மரணத்துக்கு ஈடு கோரலாகாது என்றார் நீதிபதி எல்லன்பரோ பிரபு. அதாவது, காலை ஒடித்தவன் பணம் கொடுக்கவேண்டும். உயிரைப் போக்கியவன் கொடுக்கவேண்டியதில்லை! 1846-ல் காம்ப்பெல் பிரபுவின் சட்டம் தோன்றிய பின்னரே, இறந்தவரை நம்பியிருந்த குடும்பத்தார் நஷ்டஈடு கோரும் உரிமை பெற்றனர். மலாயாவின் 1956-ம் ஆண்டுச் சிவில் சட்டத்தின் 7-வது பிரிவும் அவ்வுரிமையையே வழங்குகின்றது.

எனினும் உரிமை வேறு, அதன் அளவு வேறு. இறந்தவர் 55 வயதை எட்டியிருப்பின், அவர் சம்பாத்தியத்தை இழந்த குடும்பம் அதற்கு ஈடு கோரலாகாது என்று 1984-ம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. பென்ஷன் உள்ளவர்க்கு இக்கணக்குப் பொருந்தலாம். வயிற்றுக்காக முதுமையிலும் கத்தி பிடிக்கும் தோட்டத்தொழிலாளிக்குப் பொருந்துமோ? 2019-லேதான் அவ்வரம்பு 60 ஆயிற்று. துக்கத்திற்குரிய ஈடும் 10,000 வெள்ளியிலிருந்து 30,000 வெள்ளியாயிற்று.

இன்னொன்று. 1987-ம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி அபாயகரமாக வண்டியோட்டியவனுக்குச் சிறையும் அபராதமும் உண்டு. 2020-ல் அத்தண்டனை கடுமையாக்கப்பட்டது. ஆனால் அபராதம் சர்க்காரைச் சேரும், விதவையைச் சேராது. அவள் தனியே சிவில் வழக்குத் தொடரவேண்டும். வழியிற் செல்வோர்க்கு நேரும் தீங்கிற்காக ஒவ்வொரு மோட்டாருக்கும் இன்ஷூரன்ஸ் இருக்கவேண்டுமென்பது சட்டம். ஆதலால் “டிரைவர் ஏழை, அவனிடம் என்ன கிடைக்கும்” என்று சோர்தல் வேண்டா. மோட்டார் விபத்து வழக்கு எத்தொகைக்காயினும் அதை விசாரிக்க ஸெஷன்ஸ் கோர்ட்டுக்கு அதிகாரமுண்டு. ஆனால் மரணமாயின் 3 ஆண்டுக்குள்ளும், காயமாயின் 6 ஆண்டுக்குள்ளும் வழக்கைத் தாக்கல் செய்யவேண்டும்.

ஆகவே, லயத்து வாசலில் எவரோ நீட்டும் சில நோட்டுகளுக்காகக் கைநாட்டு வையாதீர்! போலீசில் புகாரை எழுதுவியுங்கள். ஆஸ்பத்திரிக் காகிதத்தையும் சம்பளச் சீட்டையும் பத்திரப்படுத்துங்கள். கண்டவர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒப்பாரிக்குச் செவிசாயாத கோர்ட்டு, இச்சான்றுகளுக்குச் செவிசாய்க்கும்.