ஏடுகளும் எமது கண்களும்

1880 இல் கும்பகோணத்திற்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், அங்கு கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையரிடம் என்னென்ன நூல்கள் படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். ஐயர் அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்கினார். சிந்தாமணி படித்ததுண்டா என்று முதலியார் கேட்டபோது, புத்தகம் கிடைக்கவில்லை என்றார். மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடங்கேட்டவர் நிலையே இது. அக்காலப் புலமையின் பார்வை மடங்களையும் தலபுராணங்களையும் சுற்றியே நின்றது. பார்ப்பாரற்ற ஏடுகள் செல்லரித்துக்கொண்டிருந்தன. அந்தக் கேள்வி ஐயரின் பார்வையைத் திருப்பியது. சீவக சிந்தாமணி 1887 இலும் புறநானூறு 1894 இலும் அவர் கையால் அச்சேறின.

சிறுப்பிட்டியில் 1832 இல் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் கதை எமக்கு இன்னும் நெருக்கமானது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவர். பிழைப்புக்கு அரசாங்கக் கணக்கு வேலை. வேலை போக எஞ்சிய நேரத்திலும் ஓய்வுபெற்ற பின்னரும், தொட்டால் முறியும் ஏடுகளை ஒப்புநோக்கினார். வீரசோழியம் 1881 இலும் தொல்காப்பியப் பொருளதிகாரம் 1885 இலும் கலித்தொகை 1887 இலும் வெளிவந்தன. அவர் எழுதிய கணக்குகளை இன்று எவரும் தேடுவதில்லை.

இப்படிச் சிலர் எதை உற்றுப் பார்த்தார்களோ, அதுவே ஓர் இனத்தின் முகமாயிற்று. ஈராயிரம் ஆண்டு இலக்கியம் உடையவர்கள் என்று எம்மை நாமே அறிமுகப்படுத்தும் துணிவு அவர்கள் தந்தது. 1981 மே முடிந்து யூன் பிறந்த இரவில் யாழ். நூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களுடன் எரிந்தபோது, எரிவது எமது முகம் என்றே உணர்ந்தோம்.

ஆனால் ஒன்றையே பார்க்கும் கண் மற்றொன்றைக் காணாமல் விடுகிறது. தொல்காப்பியப் பெருமை பேசிய அதே மண்ணில், ஒடுக்கப்பட்ட மக்கள் கோயிலுக்குள் நுழைவதற்கு 1968 இலும் மாவிட்டபுரத்தில் போராட வேண்டியிருந்தது. 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றினர், யாழ். நகரில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நூலகத்தின் சாம்பலை ஆண்டுதோறும் நினைவுகூரும் நாம் அந்த இரண்டு மணி நேரத்தை எத்தனை தடவை நினைத்தோம்? எமது துயரையே பார்த்துப் பார்த்து, துயர் எமக்கு மட்டுமே உரியது என்று நம்புகிறவர்களாகிவிட்டோம்.

பல்கலைக்கழகப் படிப்பை அரைவாசியில் விட்டுவந்து, சான் ரமோனில் உணவகக் குசினிக்குள் கோப்பை கழுவியும் வெங்காயம் வெட்டியும் வாழும் எம்போன்ற அகதிகள் பகல் முழுவதையும் விற்றுவிட்டோம். மிஞ்சுவது வேலை முடிந்த பின்னர் ஒரு மணி நேரம். அதையும் கைத்தொலைபேசி கேட்கிறது: பழைய இயக்கச் சண்டைகள், யார் துரோகி என்ற தீர்ப்புகள். அதே கைத்தொலைபேசியில், 2005 இல் தொடங்கிய நூலகம் திட்டமும் திறக்கும். ஈழத்து நூல்களும் சிறுசஞ்சிகைகளும் துண்டுப் பிரசுரங்களும் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. மலையகத்தாரும் முஸ்லிம்களும் எழுதியவையும் அங்கே உண்டு.

தாமோதரம்பிள்ளை யார் என்பதைக் கணக்கு மேசை தீர்மானிக்கவில்லை. எம்மையும் கோப்பை கழுவும் தொட்டி தீர்மானிக்க வேண்டியதில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் எவருடைய பக்கத்தைப் புரட்டுகிறோம் என்பதைப் பார்த்தே எமது பிள்ளைகள் எம்மை அறிவார்கள்.