நெறி கட்டுவது ஏன்?

சென்ற குளிர்காலத்தில் ஃப்ளூ காய்ச்சலில் படுத்திருந்தேன். கழுத்தில் நெறி கட்டியிருந்தது. ரத்தப் பரிசோதனையில் லிம்போசைட் எண்ணிக்கை குறைவு என்று வந்ததும் பயந்துவிட்டேன். நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளையணுக்கள் எங்கே போயின? பிறகு படித்தபோதுதான் ஒரு காரணம் புரிந்தது: பல லிம்போசைட்டுகள் அந்த நெறிக்குள்ளேயே தங்கிவிடுகின்றன.

நெறி என்பது வீங்கிய நிணநீர் முடிச்சு. சாதாரண நாட்களில் லிம்போசைட்டுகள் ரத்தத்திலிருந்து அதற்குள் நுழைந்து, ஒரு நாள் போலத் தேடிவிட்டு வெளியேறும். வெளியேற வழிகாட்டுவது எஸ்1பி என்ற கொழுப்பு மூலக்கூறு. முடிச்சுக்குள் அது குறைவு. ரத்தத்திலும் நிணநீரிலும் அதிகம். செல்லின் மேலுள்ள ஏற்பி அதிகமுள்ள பக்கத்தை உணர்ந்து நகரச் செய்கிறது.

வைரஸ் தொற்றியதும் உடல் இண்டர்ஃபெரானைச் சுரக்கிறது. அதனால் லிம்போசைட்டின் மேல் சி.டி.69 என்ற புரதம் தோன்றி, அந்த ஏற்பியைச் செல்லுக்குள் இழுத்துவிடுகிறது. வழி தெரியாத செல்கள் முடிச்சிலேயே நின்றுவிடுகின்றன. சான் ஃபிரான்சிஸ்கோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஜேசன் சைஸ்டரின் குழு 2006இல் எலிகளில் இதைக் காட்டியது.

இதில் லாபம் உண்டு. வைரஸின் துணுக்குகளும் அதே முடிச்சுக்குத்தான் வந்து சேர்கின்றன. தனக்குரிய துணுக்கைச் சந்தித்த லிம்போசைட் அங்கேயே பெருகி, சில நாட்களில் வெளியேறி நுரையீரலுக்குப் போகிறது.

பத்து நாளில் என் நெறி வற்றியது. அடுத்த பரிசோதனையில் எண்ணிக்கையும் சரியாக இருந்தது.