காகிதச் சுருளுக்கு ஓர் இடம்

மகள் விடுமுறை முடிந்து பிரான்சுக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிறது. அவள் வாங்கி வைத்துவிட்டுப் போன பேப்பர் டவல் சுருள் மட்டும் எங்கள் சமையலறையில் இடம் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தது. முதலில் சிங்க் பக்கத்தில் வைத்தோம். பாத்திரம் கழுவும் தண்ணீர் தெறித்து அடிப்பக்கம் ஊறிப்போனது. அடுப்புப் பக்கம் நகர்த்தினேன். மின்விசிறிக் காற்றில் அதன் நுனி படபடவென்று தீயை நோக்கிப் போனதைப் பார்த்து என் மனைவி போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டிருக்கும். பிறகு ஃபிரிட்ஜின் தலையில் ஏற்றினேன். அது எனக்கு எட்டும். அவளுக்கு எட்டாது.

"ஏங்க, இதுக்கு ஒரு இடம் பாருங்க. இல்லன்னா கொண்டுபோயி உங்க மேசையிலயே வச்சுக்குங்க" என்றாள்.

அரசாங்க அலுவலகத்தில் முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு கட்டி அடுக்கியவன் நான். ஒரு காகிதத்துக்கு இடம் பார்ப்பது ஒரு வேலையா என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். படிக்கப் படிக்க, சமையலறையில் எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்விக்காக மூளையைக் கசக்கியவர்கள் நிறையப் பேர் என்று தெரிந்தது. நூற்றைம்பது வருடக் கதை அது.

முதலில் அந்தக் காகிதத்தின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரில் 1879-இல் தொடங்கிய ஸ்காட் காகித நிறுவனம் கழிவறைக் காகிதம் தயாரித்து விற்றுவந்தது. ஒருமுறை ஆலையிலிருந்து வந்த காகிதம் தேவைக்கு மேல் தடிமனாக இருந்ததாம். கழிவறைச் சுருளுக்கு உதவாது. அந்தச் சமயத்தில், சளி பிடித்த பிள்ளைகள் எல்லாருக்கும் பொதுவான துணியில் கை துடைக்க வேண்டாம் என்று ஒரு பள்ளி ஆசிரியை ஆளுக்கொரு காகிதத் துண்டு கொடுத்த செய்தி ஆர்தர் ஸ்காட்டின் காதில் விழுந்தது என்றும், வீணாகப் போகவிருந்த காகிதத்தைத் துண்டு போட்டு விற்கும் யோசனை அதில்தான் பிறந்தது என்றும் சொல்வார்கள். நிறுவனங்கள் தங்களைப் பற்றிச் சொல்லும் கதையில் கொஞ்சம் உப்பு காரம் சேர்ந்திருக்கும். ஆனால் 1907-இல் 'சானி-டவல்' என்ற பெயரில் அது கடைக்கு வந்தது உண்மை.

அந்தக் காலத்தில் அங்கே பள்ளிகளிலும் ரயில் நிலையங்களிலும் ஒரே துணியை உருளையில் மாட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதிலேயே கை துடைக்க வேண்டும். கிருமிகளைப் பற்றி மக்களுக்குப் புரிய ஆரம்பித்த காலம். பொதுக் குவளையையும் பொதுத் துணியையும் மாநிலம் மாநிலமாகத் தடை செய்தார்கள். அந்த இடைவெளியில் நுழைந்ததுதான் காகிதத் துண்டு. ஆகவே அது பிறந்தது பொதுக் கழிவறைக்காக. அடுப்படிக்கு அது வந்தது 1931-இல், அதே நிறுவனம் சமையலறைக்கென்று கிழித்தெடுக்கும் சுருளாக விற்ற பிறகு. இந்த 1931-ஐ நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இனி சமையலறைக் கதை. 1869-இல் கேத்தரின் பீச்சர் என்ற அமெரிக்க அம்மையார், 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலால் புகழ்பெற்ற தம் தங்கை ஹேரியட்டுடன் சேர்ந்து இல்லறத்தைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். அதில் அவர் உதாரணமாக எடுத்துக்கொண்டது நீராவிக் கப்பலின் சமையலறை. இருநூறு பேருக்குச் சமைக்கும் இடம் அது. ஆனாலும் சமையற்காரர் ஓரிரண்டு அடி நகர்ந்தால் எல்லாப் பொருளும் கைக்கு வந்துவிடும். வீட்டில் மட்டும் ஏன் மாவு ஒரு மூலையிலும் பாத்திரம் இன்னொரு மூலையிலும் இருக்கிறது என்று கேட்டார். மாவுப் பெட்டி, பிசையும் பலகை, அலமாரி, தொட்டி எல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் ஒரே வரிசையில் வரும்படி படமும் போட்டுக் காட்டினார்.

அடுத்து வந்தவர் கிறிஸ்டின் ஃபிரடெரிக். தொழிற்சாலைகளில் ஃபிரடெரிக் டெய்லர் என்பவர் நிறுத்துக் கடிகாரத்தை வைத்துக்கொண்டு தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் அளந்துகொண்டிருந்த காலம் அது. (இவருக்கு அது குடும்பப் பெயர், அவருக்கு முதல் பெயர், குழம்ப வேண்டாம்.) அதே அளவையை இந்த அம்மாள் அடுப்படிக்குக் கொண்டுவந்தார். 1912-இல் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' பத்திரிகையில் தொடர் கட்டுரைகள் எழுதினார். பாத்திரம் கழுவுவதில் மட்டும் தாம் பல வருடங்களாக எண்பது தவறான அசைவுகளைச் செய்துவந்ததாகக் கணக்குச் சொன்னார். லாங் ஐலண்டில் தம் வீட்டையே சோதனைக் கூடமாக மாற்றினார். எங்கள் அலுவலகத்திலும் இதே சரக்கு வேறு பெயரில் வந்தது. அடிக்கடி கேட்கும் கோப்பு கையெட்டும் தூரத்தில், வருடத்துக்கு ஒருமுறை கேட்பது மேல் தட்டில். இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு வாரம் பயிற்சி வகுப்பு நடந்தது, டீ பிஸ்கட்டோடு. எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியைக் காட்டியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ஃபிரடெரிக்கின் புத்தகம் ஜெர்மன் மொழிக்குப் போனது. அதைப் படித்தவர்களில் மார்கரெட்டே லிஹோட்ஸ்கி என்ற வியன்னா நகரத்துக் கட்டடக் கலைஞரும் ஒருவர். முதல் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் கடுமையான வீட்டுப் பஞ்சம். எர்ன்ஸ்ட் மாய் தலைமையில் நகராட்சி குடியிருப்புகளைக் கட்டித் தள்ளியது. அவற்றின் சமையலறையை வடிவமைக்கும் வேலை 1926-இல் லிஹோட்ஸ்கியிடம் வந்தது. ரயிலின் உணவுப் பெட்டியில் உள்ள குட்டிச் சமையலறைதான் அவருக்கு மாதிரி. அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். அதற்குள் அடுப்பு, தொட்டி, சுழலும் முக்காலி, சுவரிலிருந்து மடக்கி இறக்கும் இஸ்திரிப் பலகை, குப்பையைத் தள்ளிவிடும் இழுப்பறை எல்லாம். பருப்பு, அரிசி, சர்க்கரை என்று பெயர் எழுதிய சிறு அலுமினிய இழுப்பறைகள் 18. மாவுக்கு மட்டும் ஓக் மரப்பெட்டி, அதில் புழு வராது என்று. ஈ அண்டாது என்ற நம்பிக்கையில் அலமாரிகளுக்கு நீலப்பச்சை வண்ணம். கழுவிய தட்டை நிற்க வைத்தால் தானாக நீர் வடியும் மரச்சட்டமும் உண்டு, துணியால் துடைக்கும் வேலை மிச்சம். ஏறக்குறைய பத்தாயிரம் வீடுகளில் இந்தச் சமையலறை வைக்கப்பட்டது.

இந்த அம்மையாரின் வாழ்க்கை தனியாகவே ஒரு கட்டுரை கேட்கும். ஹிட்லருக்கு எதிரான ரகசிய இயக்கத்தில் சேர்ந்து 1941-இல் கைதானார், 15 வருடச் சிறைத்தண்டனை. போர் முடிந்ததால் தப்பினார். 2000-ஆம் வருடம் ஜனவரியில், 103 வயது முடியச் சில நாட்களே இருக்கும்போது காலமானார். அந்தச் சமையலறையை வரைந்த நாளில் தமக்குச் சமைத்துப் பழக்கமே கிடையாது என்பதை அவர் பிற்காலத்தில் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். இங்கே நான் கொஞ்சம் நிறுத்தி யோசித்தேன். பத்தாயிரம் வீட்டுப் பெண்களுக்கு உப்பு எங்கே, சர்க்கரை எங்கே என்று தீர்மானித்தவர் அடுப்புப் பக்கம் போகாதவர்! குடிவந்தவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பலர் பெயர் எழுதிய இழுப்பறையில் வேறு எதையோ போட்டு வைத்தார்கள். தாழ்வாக இருந்த இழுப்பறைகளைச் சின்னப் பிள்ளைகள் இழுத்துக் கொட்டினார்கள். ஒரே ஒருவர் நிற்கும்படியான அறை என்பதால் கூடமாட உதவ இன்னொருவர் உள்ளே வர முடியவில்லை என்ற குறையும் எழுந்தது.

இப்போது அந்த 1931-ஐ எடுத்துக்கொள்வோம். ஃபிராங்க்ஃபர்ட் சமையலறை 1926. ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதி இடம் ஒதுக்கிய அந்த அறையில் காகிதச் சுருளுக்கு இடம் இல்லை. அப்படி ஒரு பொருள் அடுப்படிக்கு வரவே இன்னும் ஐந்து வருடம் இருந்தது. நவீன சமையலறையின் வரைபடம் முடிந்த பிறகு வந்த விருந்தாளி அது. பிரான்சில் இன்னும் தாமதம், இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் பரவியது. அங்கே அதைத் தயாரித்த நிறுவனத்தின் பெயர் 'காகிதத் துணிச் சங்கம்' என்ற பொருளுடையது. அதன் பிரெஞ்சுச் சொற்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து உண்டான 'சோபலேன்' என்ற வணிகப் பெயரே இன்று எந்தக் கம்பெனிச் சுருளுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. பிரெஞ்சு மொழியில் படித்த எனக்கு அகராதி தந்த சொல் 'எஸுயி-தூ', அதாவது 'எல்லாவற்றையும் துடைப்பது'. என் மகள் அதைச் சொல்வதே இல்லை, சோபலேன்தான்.

பிரான்சைப் பற்றிப் பேசும்போது பொலெத் பெர்னேஜை விட முடியாது. பாரிஸில் 1923-இல் வீட்டுச் சாதனக் கண்காட்சி தொடங்கியதை ஒட்டி எழுந்த இல்ல நிர்வாக இயக்கத்தின் முன்னோடி அவர். 1928-இல் 'பெண்கள் வீடுகளைக் கட்டினால்' என்ற பொருளுள்ள தலைப்பில் ஒரு சிறு நூல் எழுதினார். சமையலறைக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவில் வீணாக வைத்த தூரத்தை ஒரு பெண் பல வருடங்கள் நடந்தால் எவ்வளவு ஆகும் என்று கூட்டிப் பார்த்தார். பாரிஸிலிருந்து சைபீரியாவில் இருக்கும் பைக்கால் ஏரி வரை வந்ததாம்!

எனக்கு மிகவும் பிடித்தவர் லில்லியன் கில்பிரெத். இவருடைய கணவர் ஃபிராங்க், கொத்தனார் ஒரு செங்கல்லை வைக்கச் செய்யும் 18 அசைவுகளை ஐந்தாகக் குறைத்துக் காட்டியவர். 1924-இல் அவர் திடீரென இறந்தபோது வீட்டில் பதினோரு பிள்ளைகள். கணவரிடம் வேலை கொடுத்த கம்பெனிகள் பல, பெண் பொறியாளர் என்றதும் பின்வாங்கின. சமையலறை என்றால் பெண் சொல்வதைக் கேட்பார்கள் அல்லவா, அந்தப் பக்கம் திரும்பினார். 1929-இல் புரூக்ளின் கேஸ் நிறுவனத்துக்காக ஒரு மாதிரிச் சமையலறை அமைத்தார். பொருள்களை மாற்றி வைத்ததாலேயே ஸ்ட்ராபெரி கேக் ஒன்று செய்ய நடக்கும் 281 அடிகள் 45 ஆகக் குறைந்தன என்று காட்டினார். காலால் மிதித்தால் திறக்கும் குப்பைத் தொட்டி, ஃபிரிட்ஜ் கதவின் உட்புறத் தட்டு ஆகியவற்றிலும் இவர் பெயர் சேர்ந்திருக்கிறது.

இவரும் சமையலில் கெட்டிக்காரர் இல்லை என்பார்கள். ஆனால் இவர் ஒரு காரியம் செய்தார். வேலை செய்யும் பெண்ணின் உயரம் என்ன, கை எதுவரை எட்டும் என்று பார்த்து, மேடையின் உயரமும் தட்டின் உயரமும் அவளுக்கு ஏற்றபடி அமைய வேண்டும் என்றார்.

இதைப் படித்ததும் எங்கள் வீடு கட்டிய நாள் ஞாபகம் வந்தது. சமையல் மேடை எவ்வளவு உயரம் வைக்கட்டும் என்று கொத்தனார் கேட்டார். நான் நிமிர்ந்து நின்று என் இடுப்பைத் தொட்டுக் காட்டினேன். அவரும் நூல் பிடித்துக் கோடு போட்டுவிட்டார். என் மனைவி என் தோளுக்குத்தான் வருவாள். அன்று அவள் வாசலில் வேலையாட்களுக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள், கூப்பிட்டால் கேட்கும் தூரம். அந்த மேடையில்தான் அவள் முப்பத்தைந்து வருடமாகத் தோளைத் தூக்கித் தூக்கிக் காய் நறுக்குகிறாள். வலது தோள் வலிக்கு எத்தனையோ தைலம் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

அளவுநாடாவை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். சிங்க்குக்கும் அடுப்புக்கும் நடுவில், இரண்டுக்கும் சமதூரத்தில், ஒரு புள்ளியைப் பென்சிலால் குறித்தேன். ஈரமும் படாது, தீயும் அண்டாது. எல்லாப் புத்தகமும் சரி என்று சொல்லும் இடம். அவள் பார்த்துவிட்டு, "அங்க எதுக்கு? அப்பளம் பொரிச்சு எண்ணெய் வடிக்கத்தானே அது வேணும். நான் பொரிச்சுத் தட்டுல எடுத்து வைக்கிறது இந்தப் பக்கம்" என்று அடுப்புக்கு வலதுபுறம், ஜன்னலை ஒட்டிய மூலையைக் காட்டினாள். தீயிலிருந்து இரண்டு முழம் தள்ளித்தான் இருந்தது.

"எந்த உயரத்துல வேணும்னு கையை வச்சுக் காட்டு" என்றேன்.

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு தோளை உயர்த்தாமல், முழங்கை மடங்கும் இடத்தில் கையை நீட்டிச் சுவரில் வைத்தாள். அங்கே கோடு போட்டேன். தரையிலிருந்து 96 சென்டிமீட்டர். மறுநாள் தச்சர் வந்து ஒரு மரக்கம்பி அடித்துக் கொடுத்தார், நாற்பது ரூபாய் கூலி. ஜன்னலை ஒட்டிய ஆணியில் தொங்கும் கரித்துணியையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டார். அது அங்கேயே இருக்கட்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். மேடையை உடைத்துத் தாழ்த்த எவ்வளவு ஆகும் என்று கொத்தனாரிடம் விசாரித்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.