ஓட்டிற்குள் ஓர் உணவு

கோழிமுட்டையைத் திறந்து பார்த்தே உயிரின் தோற்றத்தை அறிய முயன்றோருள் முன்னோடி, கிரேக்கப் பேரறிஞர் அரிஸ்டாட்டில். அடைவைத்த மூன்று நாட்களுக்குப் பின் முட்டையினுள்ளே குருதித் துளிபோல் ஒரு புள்ளி துடிப்பதை அவர் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே குறித்துவைத்தார். குஞ்சின் இதயம் அதுவே. 1673இல் இத்தாலியரான மால்பீகி, உருப்பெருக்கிக் கண்ணாடியின் துணையுடன் கருவின் வளர்ச்சியைப் படங்களாகவே தீட்டி வெளியிட்டார். எனினும் இவர்களெல்லாம் காண்பதற்காக முட்டையைத் திறந்தனரேயன்றி, கருவிற்கு ஊட்டுவதற்காகத் திறந்தாரில்லை. தாய்க்கோழி வைத்த கட்டுச்சோறு 21 நாட்களுக்கும் போதுமென்றே நாமும் எண்ணிவந்தோம்.

போதுமா என்பதுதான் வினா. முட்டையில் கொழுப்பும் புரதமும் நிரம்ப உண்டு. மாவுச்சத்து இனமோ நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. ஓட்டை உடைத்து வெளிவரும் இறுதி நாட்களில் குஞ்சு பெரும்பாடு படுகின்றது. அப்பொழுது பிராணவாயு குறைவாதலால் கொழுப்பை எரித்து வலிமை பெறுதல் எளிதன்று. ஈரலில் சேர்த்துவைத்த கிளைக்கோஜன் கரைகிறது. அதுவும் தீர்ந்தால், குஞ்சு தன் மார்புத் தசையின் புரதத்தையே சிதைத்துச் சர்க்கரையாக்கிக் கொள்கிறது. பிறக்குமுன்னரே தன் தசையைத் தானே உண்ணும் நிலை இது! பொரித்த பின்னரும் துன்பம் தீர்வதில்லை. பொரிப்பகத்திலிருந்து பண்ணைக்குப் போய்ச் சேரும்வரை, சிலபோது இரண்டு நாட்கள்கூட, அதற்கு இரையில்லை. தசைநார்களின் எண்ணிக்கை பெரும்பாலும் ஓட்டிற்குள்ளேயே முடிவாகிவிடுகிறது. பின்னர் அவை பருப்பதற்குத் துணைசெய்யும் உயிரணுக்கள் மிகுதியாகப் பெருகுவது முதல் சில நாட்களில்தான். அந்நாட்களில் நேரும் பட்டினியை முழுவதும் ஈடுசெய்தல் அரிது.

வழி திறந்தது வேறொரு திசையிலிருந்து. 1982இல் அமெரிக்காவில் சர்மா, பர்மெஸ்டர் என்னும் ஆய்வாளர் இருவர், மாரெக் நோய்க்கான தடுப்பு மருந்தை 18ஆம் நாள் முட்டையினுள் ஊசியால் செலுத்தலாமெனக் காட்டினர். பத்தாண்டுகளில் அப்பணியைச் செய்யும் பொறிகளும் பொரிப்பகங்களுக்கு வந்தன. மருந்து புகும் துளையில் உணவு புகாதா?

எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யூனி அம்மையாரும், அமெரிக்காவின் வடகரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபெர்கெட்டும் இதற்கு விடை கண்டனர். கரு பனிக்குட நீரை, அதிற்கலந்த வெண்கருவோடு, வாயால் பருகும் இயல்புடையது. ஆகவே 17, 18ஆம் நாட்களில் அந்நீரில் சத்துக் கரைசலைச் சேர்த்தால், குஞ்சு தானே அதை உண்டுவிடும். இம்முறைக்கு 2003இல் அமெரிக்கக் காப்புரிமை கிட்டியது. சர்க்கரை வகைகளும், லியூசின் என்னும் அமினோ அமிலத்தின் வழிப்பொருளொன்றும் சேர்ந்த கரைசலை ஊட்டிப் பார்த்ததில், ஈரலின் கிளைக்கோஜன் இரண்டு முதல் ஐந்து மடங்கு உயர்ந்ததாகவும், உடல் எடையில் மார்புத் தசையின் பங்கு 6 முதல் 8 விழுக்காடு மிகுந்ததாகவும் 2005இல் அறிவித்தனர்.

இம்முயற்சி குஞ்சின் நலங்கருதியதா, இறைச்சியின் எடை கருதியதா என்று கேட்பாரும் உண்டு, இரண்டுமே என்போம். ஆயினும் அளவு மிகினும், ஊசி இடந்தவறினும் பொரிக்கும் முட்டைகளின் தொகை குறைந்துவிடுகிறது. தடுப்பு மருந்தைப்போல் இம்முறை எங்கும் பரவாததற்கு இதுவும் ஒரு காரணம். நம் நாட்டில் 1979இல் நிறுவப்பெற்ற இசத்நகர் மத்தியப் பறவையின ஆராய்ச்சி நிலையத்தாரும், அமினோ அமிலங்களை முட்டையினுள் செலுத்தி, குஞ்சுகளின் வளர்ச்சியையும் நோய் எதிர்ப்பு வன்மையையும் ஆராய்ந்துள்ளனர்.