பைக் என்ஜின் போச்சா? பிரிக்கச் சொல்றதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க!

ஆலங்குடி ரோட்டில் போய்க்கிட்டிருக்கீங்க. நேற்று வரைக்கும் நல்லா இழுத்த வண்டி, இன்னைக்குத் திணறுது. என்ஜினுக்குள்ள இருந்து 'டக் டக்'னு ஒரு சத்தம். கொஞ்ச தூரத்துல வண்டி நின்னுடுச்சு. கிக்கரை மிதிச்சா இறங்கவே மாட்டேங்குது. பட்டறைக்குத் தள்ளிட்டுப் போனா, மெக்கானிக் ஒரே வார்த்தையில முடிச்சிடுறார்: ''சீஸ் ஆயிடுச்சு தம்பி.''

அன்னைக்கு ராத்திரிக்குள்ள உங்களுக்கு மூணு யோசனை வந்து சேர்ந்துடும். ''ஃபுல் என்ஜின் வேலை பார்த்துடு''ன்னு ஒருத்தர். ''வேற என்ஜின் மாத்திடலாம், எனக்குத் தெரிஞ்ச இடம் இருக்கு''ன்னு இன்னொருத்தர். ''அதைத் தூக்கிப் போட்டுட்டு ஷோரூம் போ, இ.எம்.ஐ-ல எடுத்துக்கலாம்''னு நண்பர். மூணுமே சரியான யோசனையா இருக்கலாம். ஆனா, என்ன உடைஞ்சிருக்கு, ஏன் உடைஞ்சதுன்னு தெரியாம இதில் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் பைக் என்பது பலருக்கு வேலையின் பாதி. விடியறதுக்கு முன்னாடி கீரமங்கலம் பூ மார்க்கெட்டுக்கு மூட்டை ஏத்திட்டுப் போற எக்ஸ்.எல்-லில் இருந்து, ஷிஃப்ட்டுக்குப் போற ஸ்பிளெண்டர் வரை, வண்டி நின்னா சம்பளமும் நிக்கும். அந்த அவசரத்தில்தான் ஆயிரங்கள் தப்பான இடத்துக்குப் போகுது.

பிரிக்கிறதுக்கு முன்னாடி பாருங்க

வண்டி ஸ்டார்ட் ஆகுற நிலையில் இருந்தால் சைலன்ஸர் பக்கம் போய் நில்லுங்க. நீலநிறப் புகை வந்தா என்ஜின் ஆயில் எரியுதுன்னு அர்த்தம். அதுலயும் ஒரு நுணுக்கம் இருக்கு. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் நீலமா வந்து அப்புறம் நின்னுட்டா, பெரும்பாலும் வால்வு சீல் தேய்ஞ்சிருக்கும். அது சின்ன வேலை. ஆக்ஸிலரேட்டரை முறுக்கும்போதெல்லாம் நீலமா கக்குதுன்னா, பிஸ்டன் ரிங்கும் சிலிண்டரும் தேய்ஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். கறுப்புப் புகைன்னா பெட்ரோல் அதிகமா போகுது. ஏர் ஃபில்டர், கார்புரேட்டரோட முடிஞ்சிடலாம். அதுக்குப் போய் என்ஜினைப் பிரிக்க வேண்டாம். (பழைய டூ-ஸ்ட்ரோக் எக்ஸ்.எல் வச்சிருக்கவங்க பயப்படாதீங்க. அது பெட்ரோலோட சேர்த்து ஆயிலையும் எரிக்கிற வண்டி. புகை அதோட சுபாவம்.)

அடுத்தது சத்தம். மேல்பக்கம் மெல்லிசா 'டிக் டிக்'னா டேப்பட் செட்டிங். சரசரன்னு உரசினா டைமிங் செயின். அடியில் இருந்து, அதுவும் லோடு ஏத்தும்போது கனமா தட்டினால்தான் கவலை. கனெக்டிங் ராடு, கிராங்க் பேரிங் பக்கம் பிரச்னை.

மூணாவதா, ஆயிலை இறக்கி ஒரு வெள்ளைத்துணியில் ஊத்திப் பாருங்க. வெயிலில் மினுமினுக்கிற உலோகத்தூள் தெரிஞ்சா உள்ளே ஏதோ அரைபட்டுக்கிட்டிருக்கு. பால் கலந்த காபி மாதிரி இருந்தா தண்ணீர் புகுந்திருக்கு.

கடைசியா கம்ப்ரஷன் டெஸ்ட். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிட்டு, அந்த ஓட்டையில் ஒரு கேஜ் மாட்டிக் கிக்கரை உதைச்சுப் பார்க்கிற வேலைதான். அளவு குறைவா வந்தா, அதே ஓட்டை வழியா ஒரு ஸ்பூன் ஆயில் விட்டுட்டு மறுபடியும் பார்க்கச் சொல்லுங்க. இப்போ அளவு ஏறினா ரிங்கும் சிலிண்டரும் தேய்ஞ்சிருக்கு. ஊத்தின ஆயில் தற்காலிகமா அந்த இடைவெளியை அடைச்சிருக்கு. ஏறலைன்னா வால்வு பக்கம் கசிவு. சில நிமிஷ வேலை. இதைச் செய்யாமலே ''ஃபுல் என்ஜின்'' என்கிற பட்டறையில் வண்டியை விடாம, இன்னொரு இடத்தில் கேட்பது நல்லது.

ஆஃப் என்ஜினா, ஃபுல் என்ஜினா?

பட்டறையில் இந்த ரெண்டு வார்த்தையையும் கேட்டிருப்பீங்க. மேலே உள்ள ஹெட், வால்வு, சிலிண்டர் பிளாக், பிஸ்டன், ரிங் வரைக்கும் பார்க்கிறது ஆஃப் என்ஜின் வேலை. கீழே கிரேங்க்கேஸையும் பிளந்து, கிராங்க், கனெக்டிங் ராடு, பேரிங், கியர் எல்லாத்தையும் பார்க்கிறது ஃபுல் என்ஜின். ரெண்டுக்கும் செலவு வித்தியாசம் பெருசு. அடியில் தட்டல் இல்லை, ஆயிலில் உலோகத்தூள் இல்லை, கனெக்டிங் ராடை மேலும் கீழும் அசைச்சா ஆட்டம் இல்லைன்னா, பொதுவா ஆஃப் என்ஜினே போதும்.

சிலிண்டர் தேய்ஞ்சிருந்தா 'போர் பண்ணணும்'பாங்க. லேத் பட்டறையில் சிலிண்டரின் உள்சுவரைக் கொஞ்சம் கடைஞ்சு பெரிசாக்கி, அதுக்கேத்த ஓவர்சைஸ் பிஸ்டன் போடுறதுதான் அது. வழக்கமா 0.25, 0.50, 0.75, 1.00 மி.மீ. என்று நாலு படி. ஸ்பிளெண்டரோட சிலிண்டர் விட்டம் 50 மி.மீ., 97.2 சி.சி. அதை 0.50 போர் பண்ணினா ஏறக்குறைய 99 சி.சி. ஆகும். ''போர் போட்டா வண்டி பறக்கும்''னு யாராவது சொன்னா சிரிச்சுட்டு வந்துடுங்க. உங்க வண்டி ஏற்கெனவே எந்த ஓவர்சைஸில் ஓடுதுன்னு கேளுங்க. கடைசிப் படியையும் தாண்டியாச்சுன்னா, ஸ்லீவ் போடணும் அல்லது புது பிளாக்தான்.

எல்லா வண்டியையும் போர் பண்ண முடியாது என்பதும் தெரிஞ்சிருக்கணும். யமஹா ஆர்15, கே.டி.எம். டியூக் மாதிரி வண்டிகளில் சிலிண்டர் வேற வகை. அதைக் கடைஞ்சா உள்ளிருக்கும் கடினமான மேற்பரப்பு போயிடும். அந்த வண்டிகளில் சிலிண்டர் போச்சுன்னா புது சிலிண்டர்தான். பட்ஜெட்டும் அதுக்கேத்த மாதிரி எகிறும். செகண்ட் ஹேண்டில் டியூக் தேடுறவங்க இதை மனசில் வச்சுக்கங்க.

ஏன் போச்சுன்னு தெரியாம புதுசு போடாதீங்க

என்னைக் கேட்டா, பலரும் கேட்க மறக்கிற கேள்வி இதுதான். நம்ம ஊர் செம்மண் புழுதியில் ஏர் ஃபில்டரை மாத்தாம ஓட்டினா, அந்தத் தூசி சிலிண்டருக்குள் உப்புத்தாள் மாதிரி வேலை செய்யும். அதே பழைய ஃபில்டரோட புது பிஸ்டன் போட்டா, புதுசும் அதே வழியில் போகும். சின்ன பைக்குகளில் இருக்கிறதே ஒரு லிட்டர் அளவுக்கான ஆயில்தான். அதில் கால் லிட்டர் குறைஞ்சாலே கோடை வெயிலில் ஏர்-கூல்டு என்ஜினுக்குத் திண்டாட்டம். ஆயில் பம்ப் அடைச்சு சீஸ் ஆனதா, ஆயிலே இல்லாம சீஸ் ஆனதா, ஒழுகிப்போய் சீஸ் ஆனதா? மூணுக்கும் வைத்தியம் வேற வேற. காரணத்தைக் காட்டச் சொல்லுங்க. காட்ட முடியலைன்னா, 'ரிப்பேர் முடிஞ்சுது'ன்னு நம்ப எந்த ஆதாரமும் இல்லை.

தண்ணீரில் மூழ்கிய வண்டி தனிக்கதை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை கொட்டிய மாதிரியான நாளில், தண்ணீர் வடிஞ்சதும் எல்லோரும் முதலில் செய்றது ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பது. அதைத்தான் செய்யக் கூடாது. காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தா, வளையப்போறது கனெக்டிங் ராடு. பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை மாத்தின பிறகுதான் ஸ்டார்ட்டர். சில நூறு ரூபாய் வேலை, ஒரு பட்டன் அழுத்தலில் ஃபுல் என்ஜினா மாறிடும். சுரங்கப்பாதைத் தண்ணீரில் இறங்குறவங்களுக்கு என்ஜினைவிடப் பெரிய ஆபத்து உண்டு. 2021 செப்டம்பரில் நம்ம மாவட்டத்தின் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் கார் மூழ்கி ஓர் உயிரே போனது.

இப்போ ரூபாய் கணக்கு

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். நல்லா ஓடினா உங்க பைக் 30,000 ரூபாய்க்குப் போகும். இப்போ செத்த என்ஜினோட 8,000-க்குக் கேட்கிறாங்க. வேலைக்கு 12,000 ஆகும்கிறார் மெக்கானிக். 'முப்பதாயிரம் வண்டிக்குப் பன்னிரண்டாயிரமா?'ன்னு தோணும். ஆனா, சரியான கேள்வி அது இல்லை. செத்த வண்டியை வித்த 8,000, வேலைக்கு வச்சிருந்த 12,000, ரெண்டும் சேர்ந்து 20,000. அந்த 20,000-க்கு, உள்ளே என்ன இருக்குன்னு உங்களுக்கு நல்லா தெரிஞ்ச, என்ஜின் புதுசா கட்டின ஒரு பைக் கிடைக்குமா? கிடைக்காதுன்னா ரிப்பேர்தான் லாபம்.

புது பைக்கோட ஒப்பிடுங்க. 80,000 ரூபாய் கடன், 12 சதவிகித வட்டி, 36 மாதம்னு வச்சுக்கிட்டா இ.எம்.ஐ. 2,657 ரூபாய் வரும். மொத்தம் 95,000-க்கு மேல கட்டுவீங்க. முன்பணமும் இன்ஷூரன்ஸும் தனி. 12,000 ரூபாய் வேலை ரெண்டு வருஷம் தாங்கினாலே மாசத்துக்கு 500 ரூபாய்தான் ஆகுது. மைலேஜ், ஸ்டைல் எல்லாம் சரி. ஆனா, வித்தியாசம் மாசம் 2,000-க்கு மேல என்பதைப் பார்த்துட்டு ஷோரூம் படி ஏறுங்க.

ரிப்பேர் எப்போ நஷ்டம்? சேஸிஸ் துருப்பிடிச்சு, ஃபோர்க் ஒழுகி, வயரிங் கருகி, டயரும் மொட்டையா இருக்கும்போது. அதையெல்லாம் கூட்டி என்ஜின் செலவோட சேருங்க. ஓடுற நிலையில் அந்த வண்டிக்குக் கிடைக்கிற விலையில் பாதியைத் தாண்டினா, நான் நிறுத்திடுவேன். ஆர்.சி-யையும் பாருங்க. சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம், அப்புறம் எஃப்.சி., பசுமை வரி எல்லாம் கட்டி 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கணும். 14-ம் வருஷத்தில் ஃபுல் என்ஜின் வேலை பார்க்கிறவங்க அந்தச் செலவையும் சேர்த்துக்கங்க.

வாடகைக்கு ஓடுற குட்டியானைக்குக் கணக்கே வேற. பத்து நாள் பட்டறையில் நின்னா பத்து நாள் வருமானம் காலி. ஒரு நாளைக்கு 1,500 மிஞ்சும் வண்டின்னா, அதுவே 15,000. அங்கே, நல்ல நிலையில் இருக்கிற வேற என்ஜினை ரெண்டு நாளில் இறக்கி ஏத்துறது விலை அதிகமானாலும் கட்டுப்படியாகலாம்.

வேற என்ஜின் மாத்தினா பேப்பரும் மாறணும்

பைக்கில் என்ஜின் நம்பர் கிரேங்க்கேஸில் அடிச்சிருக்கும். பிஸ்டன், பிளாக், கிராங்க் எது மாத்தினாலும் நம்பர் அப்படியே இருக்கும், ஆர்.டி.ஓ. பக்கம் போக வேண்டியதில்லை. கிரேங்க்கேஸோட முழு என்ஜினையும் மாத்தினால்தான் ஆர்.சி-க்கும் வண்டிக்கும் பொருந்தாமப் போகும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுப்படி, என்ஜின் மாற்றத்தை 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ-வுக்குத் தெரிவிச்சு ஆர்.சி-யில் பதியணும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதமோ 6 மாதம் வரை சிறையோ உண்டு. உங்க வண்டி டி.என். 55 என்றால் புதுக்கோட்டை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுட்டு என்ஜின் வாங்குங்க. ஃபைனான்ஸ் பாக்கி இருந்தா அவங்க சம்மதக் கடிதமும் கைவசம் இருக்கணும்.

பழைய என்ஜின்னு சொன்னதும் பலர் பஸ் ஏறுறது சென்னை புதுப்பேட்டைக்கு. புதுக்கோட்டையில் இருந்து புதுப்பேட்டை, பேர்ப் பொருத்தம் நல்லாத்தான் இருக்கு! எங்கே வாங்கினாலும் பில், அந்த என்ஜின் இருந்த வண்டியோட ஆர்.சி. நகல், ரெண்டும் இல்லாம காசு கொடுக்காதீங்க. நம்பர் இருக்கிற இடத்தில் அரைச்ச தடம், மறுபடியும் குத்தின எழுத்து தெரிஞ்சா திரும்பிப் பார்க்காம வந்துடுங்க. திருட்டு வண்டி என்ஜினா இருந்தா, பதில் சொல்ல வேண்டியது நீங்க.

இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு நினைக்கிறீங்களா? தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருந்தா உங்க வண்டிக்கு ஒரு ரூபாயும் வராது. முழு பாலிசியிலும் தேய்மானம், தானா ஏற்படும் மெக்கானிக்கல் கோளாறு சேராது. தண்ணீரில் ஸ்டார்ட் பண்ணி என்ஜின் போனா, 'என்ஜின் புரொடெக்ட்' என்கிற கூடுதல் கவர் இல்லாமல் கிளெய்ம் கிடைப்பது கஷ்டம். விபத்தில் சேதமாகி, ரிப்பேர் செலவு பாலிசியில் போட்டிருக்கிற ஐ.டி.வி. மதிப்பில் 75 சதவிகிதத்தைத் தாண்டினா 'டோட்டல் லாஸ்' ஆகிடும். கம்பெனி வாரன்டி இன்னும் இருந்தா, வெளிப் பட்டறையில் போல்ட்டைத் தொடவிடாதீங்க.

தூக்கிப் போடுறதுன்னு முடிவெடுத்தாலும் வேலை முடியலை. இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுட்டு வந்துட்டா, ஆர்.சி. இன்னும் உங்க பேரில்தான் இருக்கும். உடைக்கக் கொடுத்தா பதிவை ரத்து செய்யணும். வித்தா பேர் மாத்தணும்.

வேலைக்கு விடும்போது என்னென்ன மாத்தப் போறாங்க, எவ்வளவு ஆகும்னு எழுதி வாங்குங்க. மாத்தின பழைய பிஸ்டன், ரிங் எல்லாத்தையும் திருப்பிக் கேளுங்க. பில்லைப் பத்திரப்படுத்துங்க. வேலையில் மோசம் போனா 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்ச ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணமும் இல்லை. பில் இல்லாம அங்கே போய் நிக்க முடியாது.

வண்டி வந்ததும் திருச்சி ரோட்டில் ஒரு முறுக்கு முறுக்கிப் பார்க்கத் தோணும். முதல் 500 கி.மீ. வேண்டாம். 40, 50-ஐத் தாண்டாம, பின்னாடி ரெண்டு பேரை ஏத்தாம, ஒரே வேகத்திலும் ஓட்டாம கூட்டிக் குறைச்சு ஓட்டுங்க. ரிங்கும் சிலிண்டரும் ஒண்ணோடொண்ணு பழகுற நேரம் அது. 500-ல் ஆயிலை இறக்கி, அதே வெள்ளைத்துணியில் இன்னொரு தடவை ஊத்திப் பாருங்க. ஆரம்பத்தில் கொஞ்சம் பொடி இருப்பது சகஜம். அடுத்த ஆயில் மாத்தும்போதும் மினுமினுத்தா, பில்லை எடுத்துக்கிட்டு நேரா பட்டறைக்குப் போங்க.